ஈப்போவில் பூண்டு நடலாமா?

வெப்ப நாட்டில் பூண்டை எந்த மாதத்தில் நட வேண்டும் என்று பலர் கேட்கின்றனர். இலையுதிர் காலத்தில் நட்டுக் கோடையில் அறுவடை செய்யலாம் எனக் குளிர்நாட்டுத் தோட்டக்கலை நூல்கள் கூறுகின்றன. ஈப்போவில் இலையுதிர் காலம் ஏது? எனவே, மாதத்தைத் தேடுவதற்கு முன், நமக்கு வேண்டியது பூண்டா, பூண்டுத்தாளா என்பதை முடிவு செய்ய வேண்டும் என்பதே என் கருத்து.

பூண்டு மத்திய ஆசியாவில் தோன்றிய பயிர். சில வாரங்கள் குளிரை உணர்ந்து, பிறகு பகற்பொழுது நீளும்போதுதான் அதன் அடிப்பகுதி பருத்துப் பற்களாகப் பிரியும். பேராக் சமவெளியில் இவ்விரண்டும் கிடைப்பதில்லை. இரவிலும் வெப்பம் 20 பாகை செல்சியஸுக்குக் கீழே இறங்குவது அரிது. ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் ஏறக்குறைய அரை மணி நேரமே வேறுபாடு. தமிழ்நாடும் வெப்பமான மாநிலம்தானே என்று கேட்கலாம். அங்கே 2019ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்ற கொடைக்கானல் மலைப்பூண்டு, பெயருக்கேற்ப மலையில் விளைவது. கொடைக்கானல் கடல் மட்டத்திலிருந்து 2,000 மீட்டருக்கும் மேல் உள்ளது. நம் கேமரன் மலையின் குளிரோ ஈப்போவுக்கு இறங்கி வருவதில்லை!

பற்களைச் சில வாரங்கள் குளிர்பதனப் பெட்டியில் வைத்து நட்டால் போதும் என்பாரும் உளர். அஃது ஓரளவே உண்மை. பெட்டி குளிரைத் தரும். நீண்ட பகலைத் தராது. இவ்வளவு பாடுபட்டும் பெரும்பாலும் சிறிய ஒற்றைப் பூண்டே மிஞ்சும்.

ரப்பர்த் தோட்டங்களில் வாழ்ந்த நம் முன்னோர், லயங்களின் பின்புறம் முருங்கை, கறிவேப்பிலை, வெண்டை, கத்தரி ஆகியவற்றை வளர்த்தனர். இந்த மண்ணும் மழையும் ஏற்கும் பயிர்கள் அவை. பள்ளித் தோட்டத்தில் ஒரு மாணவர் நான்கு மாதம் நீரூற்றிப் பூண்டுச் செடியைப் பிடுங்கும்போது வெறும் தாளும் வேரும் வந்தால், தமக்குக் கைராசி இல்லை என்று எண்ணிவிடுவார். அடுத்த முறை மண்வெட்டியைத் தொடவே தயங்குவார். குற்றம் அவருடையதன்று; பொருந்தாத இலக்கைக் கொடுத்தவர்களுடையது.

தாளுக்காக நட்டால் எந்த மாதமும் ஏற்றதே. அக்டோபர், நவம்பர் மாதக் கனமழையில் மட்டும் பற்கள் அழுகக்கூடும். அப்போது பூச்சட்டியைக் கூரையின்கீழ் வைக்கலாம். கூர்முனை மேலிருக்குமாறு பல்லை 2 அல்லது 3 சென்டிமீட்டர் ஆழத்தில் ஊன்ற வேண்டும். ஏறக்குறைய ஒரு மாதத்தில் தாளை நறுக்கி ரசத்திலோ முட்டைப் பொரியலிலோ சேர்க்கலாம். கடையில் விற்கும் பூண்டில் சில, முளைக்காதவாறு பதப்படுத்தப்பட்டிருக்கலாம். ஆதலால், சமையலறைக் கூடையில் தானாகவே முளைவிட்ட பல்லையே தேர்ந்தெடுத்து நடுவது நன்று.