குறிப்புக்குக் காரணம் உண்டா?

உங்கள் வீட்டில் கைப்பேசிக்கும் கணிப்பொறிக்கும் வைத்தியர் யார்? பெரும்பாலான வீடுகளில் அது நீங்கள்தான். "சார்ஜ் நிற்கவே இல்லை" என்று அப்பா உங்களிடம்தான் கொண்டுவந்து கொடுக்கிறார். "கையில் பிடிக்க முடியாமல் சுடுகிறதே" என்று பாட்டி உங்களிடம்தான் முறையிடுகிறார். நீங்களும் தயங்காமல் மருந்து சொல்லிவிடுகிறீர்கள்: "முழுவதும் தீர்ந்த பிறகு போடுங்கள்", "எல்லாச் செயலிகளையும் மூடிவிடுங்கள்", "இரவில் போட்டு வைக்காதீர்கள்." வீட்டில் உள்ளவர்கள் அதை அப்படியே நம்புகிறார்கள். நீங்கள் எதை நம்பிச் சொன்னீர்கள்?

பெரும்பாலும், யாரோ சொன்னதை நம்பித்தான். கடைக்காரர் சொன்னார், நண்பன் சொன்னான், காணொளியில் ஒருவர் உரக்கச் சொன்னார். இத்தகைய குறிப்புகளுக்கு இன்று பஞ்சமே இல்லை. ஆனால் பத்துக் குறிப்பு சொல்பவர்களில் காரணம் சொல்பவர் ஒருவர் இருந்தால் அதிகம். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். காரணம் தெரியாத குறிப்பைப் பின்பற்றுவதில் எனக்கு உடன்பாடில்லை; அதைப் பிறருக்குச் சொல்வதில் அறவே இல்லை. ஏனெனில் ஒவ்வொரு குறிப்பும் ஏதோ ஒரு கருவிக்காகப் பிறக்கிறது. அந்தக் கருவி மறைந்து வேறொன்று வந்த பின்னும் குறிப்பு மட்டும் சாகாமல் உலவிக்கொண்டிருக்கிறது.

"பாட்டரி முழுவதும் தீர்ந்த பிறகே மின்னேற்றம் செய்ய வேண்டும்" என்ற குறிப்பையே எடுத்துக்கொள்வோம். இது ஒரு காலத்தில் நல்ல குறிப்புதான். 1899-இல் ஸ்வீடன் நாட்டின் வால்டெமர் யுங்னர் நிக்கல்-காட்மியம் மின்கலத்தை உருவாக்கினார். இதற்கு ஒரு விநோதக் குணம் உண்டு. ஒவ்வொரு முறையும் ஒரே அளவுக்கு மட்டும் அதைத் தீர்த்து, மீண்டும் மின்னேற்றிக்கொண்டே இருந்தால், நாளடைவில் அந்த அளவைத் தாண்டியதும் அதன் மின்னழுத்தம் தாழ்ந்துவிடும். உள்ளே மிச்சம் இருந்தும் கருவி நின்றுவிடும். மின்கலம் பழைய வழக்கத்தை நினைவில் வைத்திருப்பதுபோலத் தோன்றியதால் இதை நினைவு விளைவு என்றார்கள். பூமியைச் சுற்றும் செயற்கைக்கோளில் இது நேர்வதற்கு வாய்ப்பு அதிகம். சுற்றுக்குச் சுற்று ஏறக்குறைய ஒரே அளவு நேரம் அது பூமியின் நிழலில் இருக்கும். பாட்டரியும் ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய ஒரே அளவுதான் தீரும் அல்லவா? இத்தகைய பாட்டரியை அவ்வப்போது முழுவதும் தீர்த்துவிட்டு ஏற்றுவதற்குக் காரணம் இருந்தது.

உங்கள் கைப்பேசியில் இருப்பதோ லித்தியம்-அயனி மின்கலம். இது 1991-இல் விற்பனைக்கு வந்தது. இதற்கு அடித்தளமிட்ட ஸ்டான்லி விட்டிங்காம், ஜான் குட்இனஃப், அகிரா யோஷினோ ஆகிய மூவருக்கும் 2019-இல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. (அப்போது குட்இனஃபின் வயது 97! நோபல் பரிசு பெற்றவர்களில் அவரே மிக மூத்தவர்.) இந்த மின்கலத்தில் நினைவு விளைவு என்று பொருட்படுத்தத்தக்க ஒன்று இல்லை. ஆகவே பழைய குறிப்புக்கு இங்கே வேலையும் இல்லை. வேலை இல்லை என்பதோடு போயிற்றா? அடிக்கடி அடிமட்டம் வரை தீர்ப்பது இந்த மின்கலத்துக்குக் கெடுதல். நன்மை செய்வதாக நினைத்து நீங்கள் பாட்டியின் கைப்பேசிக்குத் தீங்கு செய்திருக்கிறீர்கள்.

ஏன் கெடுதல்? உள்ளே சற்று எட்டிப் பார்ப்போம். ஒரு பக்கம் கிராஃபைட் அடுக்குகள். மறுபக்கம் கோபால்ட் முதலிய உலோகங்களின் ஆக்சைடு அடுக்குகள். மின்னேற்றம் செய்யும்போது லித்தியம் அயனிகள் ஆக்சைடு அடுக்குகளிலிருந்து கிளம்பி, நடுவிலுள்ள கரைசலைக் கடந்து, கிராஃபைட் அடுக்குகளுக்குள் போய் அமர்கின்றன. கைப்பேசியைப் பயன்படுத்தும்போது திரும்பி வருகின்றன. அலமாரியில் புத்தகங்களைச் செருகுவதும் எடுப்பதும் போல இதை எண்ணிக்கொள்ளலாம். நூறு விழுக்காட்டில் ஒரு பக்க அலமாரியிலிருந்து எடுக்கக்கூடியதையெல்லாம் எடுத்தாகிவிட்டது. மறுபக்க அலமாரி நிரம்பிவிட்டது. அப்போது மின்கலத்தின் அழுத்தம் 4.2 வோல்ட் அல்லது அதற்கும் சற்று மேல். இந்த நிலையில் நடுவிலுள்ள கரைசல் மெல்ல மெல்லச் சிதைகிறது. சிதைந்த பொருள்கள் அடுக்குகளின் மேல் படிந்து, அயனிகளின் வழியை அடைக்கின்றன. மறுகோடியில், மிகவும் தீர்ந்துபோன நிலையிலும் வேறுவிதச் சேதங்கள் நேர்கின்றன. எனவேதான் 20-க்கும் 80-க்கும் இடையில் வைத்திருங்கள் என்கிறார்கள்.

ஆக, இந்தக் குறிப்புக்குக் காரணம் உண்டு. காரணம் தெரிந்தால் அதை எப்போது மீறலாம் என்பதும் தெரியும். நாளை காலை வெளியூர் போகவேண்டுமானால் தாராளமாக நூறு வரை ஏற்றிக்கொள்ளுங்கள். ஒரு நாளில் ஒன்றும் குடி முழுகிவிடாது. 80 ஆனதும் பிடுங்க வேண்டும் என்று பாடத்தை விட்டுவிட்டுக் கைப்பேசியைக் காவல் காக்கும் மாணவரைப் பார்த்தால் எனக்குச் சிரிப்புத்தான் வருகிறது. பாட்டரி நமக்காக, நாம் பாட்டரிக்காக அல்ல.

இரவு முழுவதும் இணைத்து வைத்தால் மின்சாரம் "வழிந்து" பாட்டரி வெடித்துவிடும் என்றும் சிலர் அஞ்சுகிறார்கள். குடம் நிரம்பி வழிவதைப் போல இது நடப்பதில்லை. நிரம்பியதும் மின்னோட்டத்தை நிறுத்தும் காவல் சுற்று உள்ளேயே இருக்கிறது. இரவு முழுவதும் நூறிலேயே நிற்பதுதான் நல்லதல்ல. அதற்காகவே, கடைசிப் பகுதியை நீங்கள் விழிக்கும் நேரத்தை ஒட்டி நிரப்பும் வசதி ஐபோன்களில் 2019-இல் வந்தது. உங்கள் கைப்பேசியின் அமைப்புப் பகுதியில், பாட்டரி என்ற தலைப்பின்கீழ் இதுபோன்ற வசதி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் இயக்கிவிட்டு நிம்மதியாக உறங்குங்கள்.

உண்மையான பகைவன் வெப்பம். வெப்பநிலை 10 டிகிரி உயர்ந்தால் பல வேதிவினைகளின் வேகம் ஏறக்குறைய இரு மடங்காகும் என்று வேதியியல் வகுப்பில் படித்திருப்பீர்கள், அல்லது படிக்கப் போகிறீர்கள். மேலே சொன்ன சிதைவும் வேதிவினைதானே! ஐபோனைப் பயன்படுத்த ஏற்ற சூழல் 0 முதல் 35 டிகிரி செல்சியஸ் வரை என்கிறது அதன் தயாரிப்பாளர் அறிவிப்பு. மே மாதத்து வேலூரில் நிழலிலேயே 40-ஐத் தாண்டுகிறது. அந்த வெயிலில் மோட்டார் சைக்கிளின் கைப்பிடியில் மாட்டிய கைப்பேசியையும், தகரக் கூரையின்கீழ் மின்னேற்றிக்கொண்டே விளையாடும் கைப்பேசியையும் எண்ணிப் பாருங்கள். மின்னோட்டத்தின் இருமடியும் மின்தடையும் பெருகி வெளிப்படும் வெப்பம் உள்ளிருந்து சுடுகிறது; ஊரின் வெப்பம் வெளியிலிருந்து சுடுகிறது. 20, 80 என்று எண்களைக் காத்துவிட்டு, மின்னேற்றும் கைப்பேசியைத் தலையணைக்கு அடியில் வைப்பவர் கதவைச் சாத்திவிட்டுச் சுவரை இடித்தவராவார்.

இதில் ஆபத்தும் உண்டு என்பதால் ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். 5000 மில்லி ஆம்பியர்-மணி என்று பாட்டரியில் எழுதியிருக்கும். சராசரி அழுத்தம் 3.85 வோல்ட் என்றால் ஆற்றல் ஏறக்குறைய 19 வாட்-மணி. அதாவது சுமார் 69,000 ஜூல். ஒரு லிட்டர் தண்ணீரை 16 டிகிரி சூடாக்கப் போதுமான ஆற்றல் உங்கள் சட்டைப் பையில் இருக்கிறது! அது ஒரே நொடியில் வெளியேறினால்? சாம்சங் நிறுவனத்தின் கேலக்ஸி நோட் 7 கைப்பேசிகள் தீப்பற்றியதால் 2016-இல் அந்த மாதிரியே கைவிடப்பட்டது. மின்கலத்தின் உள்ளே நேர்மின்வாயும் எதிர்மின்வாயும் குறுக்குச் சுற்றாக இணைந்ததே காரணம் என்று 2017 ஜனவரியில் அறிவித்தார்கள். ஆகவே கைப்பேசியின் முதுகு உப்பியிருந்தால் உடனே மின்னேற்றத்தை நிறுத்துங்கள். அழுத்திப் பார்க்காதீர்கள், காற்றை வெளியேற்றுவதாக நினைத்து ஊசியால் குத்தவே குத்தாதீர்கள். பெரியவர்களிடம் சொல்லிப் பழுது பார்க்கும் நிலையத்துக்குக் கொண்டு போகச் செய்யுங்கள். இது ஒன்றை மட்டும் காரணம் மறந்தாலும் நினைவில் வையுங்கள்.

நனைந்த கைப்பேசியை அரிசிப் பானையில் புதைக்கும் வழக்கத்துக்கு வருவோம். அரிசி ஈரத்தை உறிஞ்சும் என்பது உண்மைதான். ஆனால் கருவியின் இண்டு இடுக்குகளில் இருக்கும் ஈரத்தை அது தேடிப்போய் உறிஞ்சுவதில்லை. ஆப்பிள் நிறுவனம் 2024-இல் வெளியிட்ட குறிப்பில், அரிசித் துகள்கள் உள்ளே புகுந்து கருவியைக் கெடுக்கலாம், அவ்வாறு செய்ய வேண்டாம் என்றே சொல்லியிருக்கிறது. கெடுதி எங்கே நேர்கிறது என்று யோசியுங்கள். தூய நீர் மின்சாரத்தை மிகக் குறைவாகவே கடத்தும். நம் ஆழ்துளைக் கிணற்று நீரில் உப்புகள் கரைந்திருக்கின்றன. அது நன்றாகக் கடத்தும். ஈரமும் மின்னழுத்தமும் சேர்ந்தால் மின்னாற்பகுப்பு நடந்து நுண்ணிய இணைப்புகள் அரிக்கப்படுகின்றன. அப்படியானால் முதலில் செய்ய வேண்டியது என்ன? கருவியை அணைப்பது! அரிசியைத் தேடி ஓடுகிறவர் பெரும்பாலும் இதை மறந்துவிடுகிறார். அணைத்துவிட்டுத் துடைத்து, துளைகள் கீழ்நோக்கி இருக்கும்படி காற்றோட்டத்தில் வையுங்கள். நன்றாக உலரும் வரை மின்னேற்றியை இணைக்காதீர்கள்.

கணிப்பொறியிலும் இப்படி ஆவிகள் உண்டு. "மாதம் ஒருமுறை வன்தட்டை ஒழுங்குபடுத்து" என்பது சுழலும் தட்டுக்குப் பிறந்த குறிப்பு. நிமிடத்துக்கு 7200 முறை சுழலும் தட்டு ஒரு சுற்றுக்கு 8 மில்லி விநாடிக்குச் சற்று மேல் எடுக்கும். ஒரு கோப்பு நூறு துண்டுகளாகச் சிதறியிருந்தால் அதைப் படிக்கும் முனை நூறு இடங்களுக்கு ஓடிக் காத்திருக்க வேண்டும். இன்றைய திண்மநிலைச் சேமிப்பகத்தில் தட்டும் இல்லை, முனையும் இல்லை. அங்கே பழைய முறையில் ஒழுங்குபடுத்தினால் வீணாக எழுதி எழுதி ஆயுளைத்தான் குறைப்போம்.

செயலிகளை ஓயாமல் மூடுவதும் அப்படியே. நினைவகச் சில்லு நிறைந்திருந்தாலும் காலியாக இருந்தாலும் ஏறக்குறைய ஒரே அளவு மின்சாரத்தைத்தான் உண்கிறது. மூடிய செயலியை மறுபடியும் திறப்பதற்குத்தான் கூடுதல் செலவு. பின்னணியில் வழிகாட்டி வரைபடம் போன்ற ஏதேனும் உண்மையாகவே ஓடிக்கொண்டிருந்தால் அதை மட்டும் மூடுங்கள்.

செத்த குறிப்பு சில வேளை உயிர்த்தெழுவதும் உண்டு! பழைய படக்குழாய்த் திரையில் ஒரே படம் நீண்ட நேரம் நின்றால் அதன் தழும்பு நிரந்தரமாகப் பதியும். அதற்காகவே அசையும் படங்களைத் திரைக்காப்பாக ஓட்டினார்கள். திரவப் படிகத் திரை வந்ததும் அதன் தேவை போயிற்று. இப்போது கரிம ஒளியுமிழ்வுத் திரைகள் வந்த பிறகு தழும்புப் பிரச்சினையும் திரும்பி வந்துவிட்டது. இந்தத் திரையில் ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிர்வதால், கறுப்பு என்றால் அந்தப் புள்ளி அணைந்திருக்கிறது என்று பொருள். எனவே கறுப்புப் பின்னணி இங்கே மின்சாரத்தை மிச்சப்படுத்தும். பின்விளக்கு எரிந்துகொண்டே இருக்கும் திரவப் படிகத் திரையில் மிச்சம் மிகச் சொற்பம். எவ்வளவு மிச்சம்? அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழகத்தார் 2021-இல் அளந்தார்கள். முழுப் பிரகாசத்தில் சராசரியாக 39 முதல் 47 விழுக்காடு. ஆனால் பலர் வைத்திருக்கும் 30 முதல் 50 விழுக்காடு பிரகாசத்தில் 3 முதல் 9 விழுக்காடுதான். குறிப்பு பொய்யல்ல, எந்தத் திரையில், எந்தப் பிரகாசத்தில் என்ற நிபந்தனைகளை யாரும் சேர்த்துச் சொல்வதில்லை என்பதுதான் குறை.

இதை நீங்களே அளந்து பார்க்கலாம். ஒரே காணொளியை, ஒரே பிரகாசத்தில், இணையத் தொடர்பைத் துண்டித்து ஒரு மணி நேரம் ஓட்டுங்கள். எத்தனை விழுக்காடு குறைந்தது என்று குறியுங்கள். மறுநாள் பிரகாசத்தை மட்டும் மாற்றி அதே அளவிலிருந்து தொடங்குங்கள். ஒவ்வொன்றையும் மூன்று முறையாவது செய்யுங்கள். கைப்பேசி காட்டும் விழுக்காடே ஒரு மதிப்பீடுதான், ஒரு முறை அளந்ததை வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது. மாற்றுவது ஒன்றே ஒன்றாக இருக்கட்டும். என் கல்லூரி மாணவர்கள் ஆய்வகத்தில் இந்த விதியைத்தான் அதிகம் மறக்கிறார்கள்!

அளவு என்றதும் இன்னொன்று. சும்மா செருகியிருக்கும் மின்னேற்றியால் மின்கட்டணம் ஏறுகிறது என்று வீட்டில் சண்டை நடக்கிறதா? சும்மா இருக்கும் சிறு மின்னேற்றி 0.1 வாட்டுக்கு மேல் இழுக்கக் கூடாது என்பது அமெரிக்காவில் 2016 முதல் விதி. அத்தகைய ஒன்று ஆண்டு முழுவதும் செருகியிருந்தாலும் செலவு ஒரு யூனிட்டுக்கும் குறைவு. 75 வாட் மின்விசிறி அரை நாள் சுழன்றால் அதே செலவாகிவிடும். ஆளில்லாத அறையில் சுழலும் விசிறியை முதலில் நிறுத்துங்கள். மட்டமான மின்னேற்றிகளைப் பாதுகாப்புக்காகப் பிடுங்கி வைப்பது வேறு விஷயம். அது நல்ல பழக்கமே.

எவ்வளவு பேணினாலும் பாட்டரி ஒருநாள் தளரும். அது செருப்பைப் போலத் தேயும் பொருள். தேய்ந்தால் பாட்டரியை மாற்ற வேண்டுமே தவிர, கைப்பேசியையே மாற்றுவது எந்த ஊர் நியாயம்? ஒட்டி மூடிய கைப்பேசிகளைச் செய்து நம்மை அந்த நிலைக்குத் தள்ளுவது தயாரிப்பாளர்களின் பிழை என்பேன். பயனாளரே பாட்டரியைக் கழற்றி மாற்றக்கூடியதாக இருக்க வேண்டும் என்று, சில விலக்குகளுடன், ஐரோப்பிய ஒன்றியம் 2023-இல் சட்டம் இயற்றியது. அதை நடைமுறைப்படுத்த 2027 பிப்ரவரி என நாள் குறித்தது. நம் நாட்டிலும் 2022-இல் வந்த பாட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள், பழைய பாட்டரிகளைத் திரும்பப் பெறும் பொறுப்பைத் தயாரிப்பாளர்மேல் சுமத்தியிருக்கின்றன. எனவே பழையதைக் குப்பைத்தொட்டியில் எறியாமல், மாற்றும் நிலையத்திலேயே கொடுத்துவிடுங்கள்.

இயங்கும் நிலையில் உள்ள பழைய கைப்பேசியைத் தம்பி தங்கைக்காக எடுத்து வைப்பதானால், முழுவதும் தீர்த்தோ நூறு வரை ஏற்றியோ வைக்க வேண்டாம். பாதி அளவில் ஏற்றி, அணைத்து, வெயில் படாத இடத்தில் வையுங்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை எடுத்து மீண்டும் பாதியாக்குங்கள். காரணத்தை நான் இங்கே எழுதப் போவதில்லை. அலமாரியையும் புத்தகங்களையும் நினைத்துப் பார்த்தால் நீங்களே சொல்லிவிடுவீர்கள்.