விலகவும் ஒரு வழி வேண்டும்

அமெரிக்காவின் ஃபிரடர்னிட்டிகளுக்கு, அதாவது கல்லூரி ஆண்களின் சகோதரச் சங்கங்களுக்கு, அந்நாட்டின் வயதுதான். முதலாவதான ஃபை பீட்டா கப்பா, 1776 டிசம்பரில் வர்ஜீனியாவின் வில்லியம் அண்ட் மேரி கல்லூரியில் தோன்றியது. அது பின்னாளில் படிப்பில் சிறந்தவர்களுக்கான கௌரவ அமைப்பாகிவிட்டது. அது தொடங்கிவைத்த கிரேக்க எழுத்துப் பெயரும் ரகசியக் கைகுலுக்கலும் மற்ற சங்கங்களிடம் தங்கிவிட்டன. இன்று சேர விரும்புபவன் ‘ரஷ்’ நாட்களில் சங்க வீடுகளுக்கு ஏறி இறங்க வேண்டும். அழைப்பு வந்தால் சில வாரங்கள் ‘பிளெட்ஜ்’ எனும் சோதனைக் காலம். சங்க வரலாற்றை மனப்பாடம் செய்ய வேண்டும். பல இடங்களில் மூத்தவர்கள் சொன்ன வேலையையும், ஊற்றிய மதுவையும் மறுக்கக் கூடாது. 2017 பிப்ரவரியில் பென் ஸ்டேட் பல்கலைக்கழகச் சங்க வீடொன்றில் அப்படிக் குடிக்கவைக்கப்பட்ட 19 வயது மாணவன் படிக்கட்டில் உருண்டான். ஆம்புலன்ஸை அழைக்கவே சுமார் 12 மணி நேரமானது. அவன் பிழைக்கவில்லை. இத்தகைய கொடுமைகளைக் கல்லூரிகள் வெளிப்படையாக அறிவிக்க வேண்டும் என்று 2024 டிசம்பரில் மத்தியச் சட்டமே வந்தது. நல்லதுதான். ஆனால், நுழைவாசலைக் காவல் காப்பவர்கள் வெளிவாசலைக் கவனிப்பதில்லை. விலகுவதற்கு ஒரு கடிதம் போதும் என்பார்கள். படுக்கும் அறை, சாப்பாட்டு மேசை, நண்பர்கள், நாளை வேலைக்குச் சிபாரிசு செய்யும் பழைய மாணவர் என எல்லாமே சங்க வீட்டின் ஒரே கூரைக்குள் இருக்கும்போது எவன் துணிந்து எழுதுவான்? விலகி வருபவனுக்குப் பருவத்தின் நடுவிலும் விடுதியில் ஓர் அறை உண்டு என்று கல்லூரி உறுதி தரட்டும். போக இடமிருப்பவன்தான் ‘மாட்டேன்’ என்பான்.