ஈமான் குறைவு என்னும் தீர்ப்பு

ஈமான் உள்ளவனுக்கு மனச்சோர்வு ஏது என்று கேட்கும் வழக்கம் நம்மிடையே வேரூன்றிவிட்டது. பதினாறு வயதுப் பிள்ளை இரவெல்லாம் கண்மூடாமல் கிடந்து, சுப்ஹு பாங்கு சொல்லும் நேரத்தில் அயர்ந்துபோகிறான். உணவு இறங்கவில்லை, பாடம் மனத்தில் நிற்கவில்லை, நண்பர்களைக் கண்டால் ஒதுங்குகிறான். இந்நிலை இரண்டு வாரங்களுக்கு மேல் நீடித்தால் மனச்சோர்வு நோயா என்று மருத்துவர் ஆராய்வார். நாமோ தொழுகையில் பேணுதல் இல்லை, கைப்பேசி கெடுத்துவிட்டது, கண்ணேறு பட்டுவிட்டது என்று வாசலில் நின்றபடியே தீர்ப்பு வழங்கிவிட்டுப் போகிறோம்.

கைப்பேசியைப் பற்றிய குற்றச்சாட்டில் உண்மை உண்டு, மறுக்கவில்லை. ஆனால் பருவ வயதில் உறக்கத்தைக் கொண்டுவரும் மெலடோனின் சுரப்பே இரவில் பிந்தித் தொடங்குகிறது. அவ்வயதினருக்கு நாளொன்றுக்கு 8 முதல் 10 மணி நேர உறக்கமும் தேவை. மனச்சோர்வும் சேர்ந்துகொண்டால் உறக்கம் கலைகிறது, உறக்கம் கலையக் கலையச் சோர்வு முற்றுகிறது. அதற்குச் சோம்பல் என்று பெயரிட்டுப் போர்வையைப் பிடித்து இழுப்பதால் எந்தப் பிள்ளையும் தேறியதில்லை.

துயரம் ஈமானுக்கு முரண் என்றால் யஃகூப் (அலை) அவர்களை எங்கே வைப்பது? மகன் யூசுஃபை எண்ணி எண்ணி அவர்களின் கண்கள் வெளுத்துப்போனதைக் குர்ஆன் கூறுகிறது. அவர்களைக் கடிந்துகொண்டவர்கள் சொந்த வீட்டாரே. அல்லாஹ் கடிந்ததாக அங்கே இல்லை. கதீஜா (ரலி) அவர்களும் அபூதாலிபும் மறைந்த ஆண்டு, துயர ஆண்டு என்றே வரலாற்றில் நிலைத்தது. துக்கத்தில் இருப்போருக்குத் தல்பீனா என்னும் வாற்கோதுமைக் கஞ்சி ஆறுதல் தரும் என்று நபி (ஸல்) அவர்கள் கூறியதை ஆயிஷா (ரலி) அறிவிக்கிறார்கள். 934இல் மறைந்த அபூ ஸைத் அல்-பல்கீ, காரணம் தெரிந்த துயரத்தையும் காரணம் புலப்படாமல் உடலிலிருந்து எழும் துயரத்தையும் பிரித்து, பின்னதற்கு உடல் மருத்துவமும் வேண்டும் என்று எழுதினார். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் நம் அறிஞர் ஒருவர் தெளிந்து சொன்னதை இன்று மேற்கத்திய நாகரிகம் என்று நாமே தள்ளுகிறோம்!

ஓதிப் பார்ப்பதை நாம் மறுக்கவில்லை. ஓதட்டும், மருந்தும் கொடுக்கட்டும். முதுமையைத் தவிர எந்த நோய்க்கும் அல்லாஹ் மருந்தை வைத்திருக்கிறான், ஆகவே மருத்துவம் செய்துகொள்ளுங்கள் என்பது நபிகளாரின் கட்டளையன்றோ?

மருத்துவத்தை விட்டதன் விலையை நம் மண்ணே கண்டது. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில், தர்காவை அண்டி நடந்த தனியார் காப்பகம் ஒன்றில் தீப்பிடித்து 28 மனநோயாளிகள் மாண்டனர். தப்பியோட முடியாதபடி அவர்கள் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தனர். நோயாளிகளை அத்தகைய இடங்களில் விட்டுச் சென்ற குடும்பத்தார் எல்லாரும் கல்நெஞ்சர்கள் அல்லர். தனியே சுமந்து சுமந்து களைத்தவர்கள் அவர்களுள் பலர்.

அந்தக் களைப்பைத்தான் நாம் காண மறுக்கிறோம். வாப்பா சபுரில் இருக்கும் வீட்டில், மகனின் அறை வாசலிலேயே பாயை விரித்து, ஒவ்வோர் அரவத்துக்கும் விழித்தெழும் உம்மாவை எண்ணிப் பாருங்கள். மூத்த மகளுக்கு வரன் பார்க்கும் நேரம் என்பதால் அவள் யாரிடமும் வாய் திறப்பதில்லை. காய்ச்சல் கண்ட வீட்டுக்குப் பழப்பையோடு நோய் விசாரிக்கச் செல்லும் நாம், இந்த வீட்டை விசாரிப்பது அடுத்த வீட்டில்! நேரில் கண்டாலோ, ஸப்ரு செய்யுங்கள் என்கிறோம். ஆறு மாதமாக உறங்காதவளிடம் ஸப்ரைப் பற்றி உபதேசிக்க நமக்கு என்ன தகுதி?

ஜுமுஆ மேடையில் ஆலிம்கள் இந்நோயை நோய் என்று பெயர் சொல்லிப் பேச வேண்டும். மாவட்ட அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குச் சென்றுவரும் செலவை மஹல்லா ஏற்கட்டும். அரசின் டெலி மானஸ் 14416 என்னும் எண்ணில் இரவு பகலாக இலவச ஆலோசனை கிடைக்கிறது. வாழப் பிடிக்கவில்லை என்று பிள்ளை ஒரு முறை சொன்னாலும் அதை மிரட்டல் என்று தள்ளாமல், அவனைத் தனியே விடாமல், அன்றே மருத்துவரிடம் கொண்டு செல்ல வேண்டும். உம்மாவுக்கோ, சாச்சியோ மாமியோ ஒருவர் வாரத்தில் இரண்டு இரவுகள் வந்து அந்தப் பாயில் படுத்துக்கொள்ளட்டும். அவ்விரவுகளில் அவள் வேறு அறையில் கதவைச் சாத்திக்கொண்டு விடியும்வரை உறங்கட்டும்.