கண்காணிக்கும் அரசு கணக்குக் காட்ட வேண்டும்

2022 அக்டோபரில் மைசூருக்கும் பெங்களூருக்கும் இடையே ஓடிய திப்பு எக்ஸ்பிரஸ், உடையார் எக்ஸ்பிரஸ் ஆனது. அதே ஆண்டு, அன்றைய பாஜக அரசு அமைத்த ரோகித் சக்ரதீர்த்தா குழு திருத்திய கர்நாடகப் பாடநூல்களில் மைசூர் மன்னர் திப்பு சுல்தான் பற்றிய பகுதி சுருங்கியது. ஆர்.எஸ்.எஸ். நிறுவனர் ஹெட்கேவாரின் உரை இடம்பிடித்தது. 2023 ஜூனில் புதிய காங்கிரஸ் அமைச்சரவை ஹெட்கேவார், சாவர்க்கர் பாடங்களை நீக்க முடிவெடுத்தது. எந்தத் திருத்தம் சரி என்ற வாதம் இருக்கட்டும். மாணவரின் கடந்த காலம் அடுத்தடுத்து இரண்டு முறை மாறியிருக்கிறது. இரண்டு முறையும் மாற்றியது புதிய சான்று அல்ல, ஆட்சி.

பீகாரின் மோதிஹாரியில் பிறந்த ஜார்ஜ் ஆர்வெல் 1949இல் வெளியிட்ட '1984' நாவலின் நாயகனுக்குப் பழைய செய்தித்தாள்களைத் திருத்துவதே உத்தியோகம்; அவன் வீட்டுச் சுவரிலோ அவனையே கவனிக்கும் திரை. கேள்வி கேட்பவர் யார் என்று அங்கே ஆட்சிக்குத் தெரிய வேண்டும். கேட்பதற்கான ஆதாரம் அவரிடம் இருக்கக் கூடாது. இந்தியா அந்த நாவல் ஆகிவிடவில்லை. கர்நாடக உயர் நீதிமன்றத்தின் ஓய்வுபெற்ற நீதிபதி கே.எஸ். புட்டசாமியின் வழக்கில், அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017இல் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாகச் சொன்னார்கள். ஆனால், 2023இல் நிறைவேறிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், நாட்டின் பாதுகாப்பு, பொது ஒழுங்கு போன்ற காரணங்களுக்காக ஒன்றிய அரசு தன் அமைப்புகளுக்கு அச்சட்டத்திலிருந்து விலக்கு அளிக்க வழிவிட்டது. தகவல் உரிமைச் சட்டத்தின் 8(1)(ஜே) பிரிவில், பொதுநலன் இருந்தால் தனிநபர் தகவலையும் தரலாம் என்றிருந்த வாசகத்தை நீக்கியதும் அதே சட்டம்தான். அரசு நம்மைப் பார்க்கும் ஜன்னல் அகன்றது. நாம் அரசைப் பார்க்கும் ஜன்னல் குறுகியது.

ஒட்டுக்கேட்காமல் பயங்கரவாதத்தை எப்படித் தடுப்பது என்று கேட்கலாம். ஒற்று அரசின் பழந்தொழில்தான். குறள் ஒற்றாடலுக்கு ஓர் அதிகாரமே ஒதுக்கியது. அர்த்தசாஸ்திரமும் ஒற்றர்களை விரித்துப் பேசியது. ஆனால் அவை மன்னராட்சிக் காலத்து நூல்கள். இன்று ஒட்டுக்கேட்க ஆணையிடுபவர் உள்துறைச் செயலாளர். அதைப் பரிசீலிக்கும் குழுவிலும் அதிகாரிகளே இருக்கிறார்கள். குடியாட்சியில் அந்த அனுமதியை நீதிபதிதான் தர வேண்டும்.

வரலாற்றைத் திருத்தவே கூடாதா என்பது அடுத்த வாதம். தாராளமாகத் திருத்தலாம். மைசூரில் உள்ள இந்தியத் தொல்லியல் துறையின் கல்வெட்டியல் பிரிவு, தமிழ்க் கல்வெட்டுகள் உட்படப் பல்லாயிரம் கல்வெட்டுகளின் மைப்படிகளை, அதாவது மை ஒற்றி எடுத்த தாள் நகல்களைச் சேர்த்துவைத்தது. மூலக்கல் சிதைந்தாலும் படியை விரித்து, முந்தைய அறிஞரின் வாசிப்பில் பிழை காட்ட முடியும். அப்போது பழைய வாசிப்பும் அச்சில் நிற்கும். புதியதற்கான காரணமும் உடன் நிற்கும். ஆணையால் வரும் திருத்தத்துக்கு இவை தேவைப்படுவதில்லை. திப்பு ஆங்கிலேயரை எதிர்த்து 1799இல் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் வீழ்ந்தவர். குடகிலும் மலபாரிலும் கொடுமை இழைத்தார் என்ற குற்றச்சாட்டும் அவர் மீது உண்டு. இரண்டையும் சான்றோடு சேர்த்துப் படிக்கும் உரிமை மாணவருக்கு வேண்டும்.

ஒட்டுக்கேட்புக்கு நீதிபதியின் முன்அனுமதியைக் கட்டாயமாக்குவதும், தகவல் உரிமைச் சட்டத்தின் பழைய வாசகத்தை மீட்பதும் நாடாளுமன்றத்தின் பொறுப்பு. மாநிலப் பாடநூல்கள் கர்நாடக அரசின் கையில் இருப்பவை. அவற்றைச் சட்டப்படி அமைந்த தன்னாட்சிக் குழுவிடம் ஒப்படைத்து, ஒவ்வொரு மாற்றத்தையும் அதற்கான சான்றோடு வெளியிட வகைசெய்ய வேண்டும். எதிர்க்கட்சியாக இருக்கும்போது இதைக் கேட்பது எளிது. ஆட்சியில் இருக்கும்போதே செய்தால்தான் அடுத்து வருபவரின் கையும் கட்டுப்படும்.