ஊர்ப் பள்ளி யாருடையது?

அரசினர் பள்ளி அரசினருடையதே என்பார் பலர். அஃது ஊராருடையது என்பதே எம் கருத்து.

1817ஆம் ஆண்டில் திருவிதாங்கூர் அரசி கௌரி பார்வதிபாய், குடிகளின் கல்விச் செலவை அரசே ஏற்றல் வேண்டுமென ஆணையிட்டார். நம் நாஞ்சில் நாடும் அந்நாளில் அவ்வாட்சிக்கு உட்பட்டதே. ஆயினும் ஆணை பிறந்தவுடன் எல்லார்க்கும் கதவு திறந்திலது. ஒடுக்கப்பட்டோர் பிள்ளைகளைப் பள்ளியிற் சேர்த்தற்கு, ஏறத்தாழ நூறாண்டின் பின்னும் அய்யன்காளி போராட வேண்டியதாயிற்று. சட்டம் தரும் உரிமையைப் பயனாக்குவோர் மக்களே என்பது இதனாற் புலனாம்.

அமெரிக்காவின் சிக்காகோ நகரில் பள்ளிகளை ஆளும் குழுவினரை நகரத் தலைவரே நியமித்து வந்தார். அவருள் ஒரு பகுதியினரையேனும் மக்கள் வாக்களித்துத் தேர்ந்தது 2024ஆம் ஆண்டிலேதான். நமக்கோ, 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கைப் பெற்றோர்க்கே அளித்துள்ளது. பாதி இடம் பெண்டிர்க்குரியது.

அன்றாடக் கூலியை இழந்து கூட்டத்திற்கு வருதல் எங்ஙனம் எனின், அவ்வினா நேரியதே. ஆகவே, வேலை முடிந்த மாலைப்பொழுதிற் கூட்டம் கூடுக. ஒழுகுங் கூரையையும் ஆசிரியர் இன்மையையும் ஆங்கே வினவுக. கல்லூரி மாணவராகிய நாமும் அவர்கட்குச் சட்டத்தைப் படித்துக் காட்டித் துணைநிற்றல் கடன். கேளா உரிமை ஏட்டுச் சுரைக்காயே. அது கறிக்கு உதவுமோ?