சாவி யார் கையில்?

ஆப்பிள் கம்பெனிக்குப் பிரிட்டிஷ் சர்க்கார் ரகஸிய உத்தரவு ஒன்று பிறப்பித்திருக்கிறதென்ற செய்தி 2025-ம் வருஷம் பிப்ரவரி மாதத்தில் வெளியாயிற்று. 2016-ம் வருஷத்துப் புலனாய்வு அதிகாரச் சட்டத்தின்படி பிறந்த அவ்வுத்தரவின் சாரம் இதுதான்: ஜனங்கள் கம்பெனியின் களஞ்சியத்தில் பூட்டி வைத்திருக்கும் கடிதங்களையும் படங்களையும் தஸ்தாவேஜுகளையும் சர்க்கார் கேட்டபோது திறந்து காட்ட வழி செய்ய வேண்டும். இப்படி ஓர் உத்தரவு வந்ததென்று வெளியே சொல்வதைக் கூட அச்சட்டம் தடுக்கிறது! அதே மாதம் 21-ந் தேதி, தன்னிடமுள்ள பூட்டுக்களில் மிக உறுதியானதைப் பிரிட்டனில் இனிப் புதிதாக யாருக்கும் கொடுப்பதற்கில்லை என்று கம்பெனி அறிவித்துவிட்டது. ஆகஸ்டில், பிரிட்டன் தன் கோரிக்கையைக் கைவிட இசைந்துவிட்டதென அமெரிக்க உளவு இலாகாத் தலைவர் சொன்னார். அக்டோபரிலோ, பிரிட்டிஷ் ஜனங்களைப் பொறுத்த மட்டில் புதிதாக வேறோர் உத்தரவு பிறந்திருப்பதாகப் பத்திரிகைகள் எழுதின. அமெரிக்கருடைய பெட்டிக்காக அமெரிக்க சர்க்கார் வாதாடிற்று. நம்முடைய பெட்டிக்காக வாதாடுவது யார்?

கம்பெனிக்காரர் 'கிளவுட்' என்று அழகாகப் பெயரிட்டிருக்கும் களஞ்சியம் ஆகாயத்தில் மிதப்பதன்று. பிறத்தியாருடைய கட்டிடத்தில், பிறத்தியாருடைய கம்ப்யூட்டரில், நம் சொத்தை வைத்து வருகிறோம்; அவ்வளவுதான். அங்கே எல்லாம் பூட்டித்தான் வைக்கப்படுகிறது என்று அவர்கள் சொல்வதும் பொய்யன்று. ஆனால் பெரும்பாலும் பூட்டுகிறவர் அவர்; சாவியும் அவரிடமே. திருடன் தட்டை எடுத்துப் போனால் அப்பூட்டு உதவும். சர்க்கார் கடிதத்தோடு வந்து கேட்டால், அல்லது கம்பெனிச் சிப்பந்தியே கெட்ட எண்ணங் கொண்டால், உதவாது. இதற்கு மாறான முறை ஒன்று உண்டு. நமது கம்ப்யூட்டரை விட்டோ டெலிபோனை விட்டோ புறப்படுமுன்பே தஸ்தாவேஜை நாமே சங்கேதமாக்கி, சாவியை நம்மிடம் நிறுத்திக் கொண்டு, பிறர்க்கு விளங்காத எழுத்துக் குவியலை மட்டும் களஞ்சியத்துக்கு அனுப்புவது. 2022-ம் வருஷம் டிசம்பரில் ஆப்பிள் கம்பெனி கொடுக்கத் தொடங்கியது இத்தகைய பூட்டையே. அதைத்தான் பிரிட்டிஷ் அதிகாரிகளால் பொறுக்க முடியவில்லை.

பிறர் கடிதத்தை உடைத்துப் பார்க்கும் வித்தை அவர்களுக்குப் புதிதன்று. இத்தாலிய தேசபக்தர் மாஜினியைத் தமிழர் பாரதியாரின் வாயிலாக அறிவர். லண்டனில் தஞ்சம் புகுந்திருந்த அவருடைய கடிதங்களை உள்நாட்டு மந்திரி ஸர் ஜேம்ஸ் கிரஹாமின் உத்தரவின் பேரில் தபாலாபீஸ் உடைத்துப் பார்த்தது. மாஜினி சந்தேகங் கொண்டு, உறைக்குள் கசகசாவையும் மணலையும் மயிரிழையையும் போட்டனுப்பச் செய்து, அவை சிதறியிருப்பது கண்டு மோசத்தை அறிந்தார். 1844-ல் டன்கோம்ப் என்ற அங்கத்தினர் பார்லிமெண்டில் இதைக் கிளப்பவே, மந்திரியின் பெயர் நாறிப் போயிற்று. இன்று கம்பெனிக் களஞ்சியத்தில் கிடக்கும் நமது உறையில் எந்தக் கசகசாவைப் போட்டு வைப்பது? திறந்து படித்தாலும் சுவடு தெரியாது. பிரதி எடுத்தாலும் மூலம் அப்படியே இருக்கும்.

ஆகவே நாம் வற்புறுத்துவது இந்த ஒரு விஷயத்தையே. சர்க்கார் எக்காலத்தும் எதையும் கேட்கலாகாது என்பதன்று நமது கட்சி. கேட்கட்டும், ஆனால் உடையவனிடம் கேட்கட்டும். சாவி கம்பெனியிடம் இருந்தால், விசாரணை நடப்பதே உடையவனுக்குத் தெரியாது; தெரியாதவன் எந்தக் கோர்ட்டுக்குப் போவான்? சாவி அவனிடம் இருந்தால், உத்தரவோடு அவன் வாசலுக்கே வந்தாக வேண்டும். அவன் வக்கீலை அழைக்கலாம். உத்தரவு சட்டப்படி செல்லுமா என்று கேட்கலாம். குற்றஞ் சாட்டப்பட்டவனானால், தனக்கெதிராகத் தன்னையே சாட்சியாக்கலாகாதென்னும் அரசியல் சட்டத்தின் 20-வது ஷரத்தைக் காட்டி வாதாடலாம்.

நம் தேசத்து நிலை என்ன? 2000-ம் வருஷத்துத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69-வது பிரிவு, சங்கேதத்தை அவிழ்த்துக் கொடுக்கும்படி கம்பெனிக்கும் உத்தரவிடலாம், தனி மனிதனுக்கும் உத்தரவிடலாம் என்கிறது. மறுத்தால் 7 வருஷம் வரை சிறை. 2015-ம் வருஷம் செப்டம்பரில் சர்க்கார் வெளியிட்ட சங்கேதக் கொள்கை நகலோ இதற்கும் ஒருபடி மேலே போயிற்று: சங்கேதமாக்கி அனுப்பியவற்றின் மூலத்தை 90 நாள் வைத்திருந்து, கேட்டால் காட்ட வேண்டுமாம்! தேசமெங்கும் எழுந்த கூச்சலைக் கண்டு சில நாளிலேயே அதை வாபஸ் வாங்கினார்கள். அந்தரங்கம் அடிப்படை உரிமையே என்று 2017-ம் வருஷம் ஆகஸ்டு 24-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டின் 9 நீதிபதிகள் ஒருமுகமாகத் தீர்ப்பளித்தார்கள். அத்தீர்ப்புக்குப் பின்னும் 69-வது பிரிவு அப்படியே நிற்கிறது.

குழந்தைகளைக் கெடுப்போரும் வெடிகுண்டுக்காரரும் இப்பூட்டின் பின்னே ஒளிவார்களே என்று போலீஸார் கேட்கிறார்கள். கேள்வி அலட்சியம் செய்யத் தக்கதன்று, ஒளியவே செய்வார்கள். ஆனால் அவர்களுக்காகத் திறந்து வைக்கும் வாசலில் வேறு யார் நுழைவாரென்பதையும் பார்க்க வேண்டும். சீன தேசத்து ஊடுருவிகள் அமெரிக்க டெலிபோன் கம்பெனிகளுக்குள் புகுந்து, கோர்ட் உத்தரவின் பேரில் போலீஸார் கேட்டிருந்த தகவல்களிலேயே சிலவற்றைப் பிரதி எடுத்துக் கொண்டார்களென்று 2024-ம் வருஷம் நவம்பரில் அமெரிக்க சர்க்காரே ஒப்புக் கொண்டது. மறு மாதம் அந்த அதிகாரிகளே, சங்கேதமாக்கும் முறைகளைக் கையாளுங்கள் என்று ஜனங்களுக்குப் புத்தி சொன்னார்கள்!

எனினும் கம்பெனியின் வாக்கை மட்டும் நம்பி இருந்துவிடலாகாது. 'உங்கள் சாவி எங்களிடம் இல்லை' என்று விளம்பரம் செய்து வந்த மெகா என்ற கம்பெனியின் முறையை 2022-ல் ஜூரிச் தொழிற்கல்லூரி ஆராய்ச்சியாளர் சோதித்து, சாவியைக் கம்பெனியே கண்டுபிடித்துவிடக் கூடிய ஓட்டைகள் இருப்பதை ருசுப்படுத்தினர். கம்பெனி பின்னர் ஒட்டுப் போட்டது. ஆகையால் பூட்டு ஒருவரிடமும் களஞ்சியம் வேறொருவரிடமும் இருப்பதே மேல். ஜெர்மனியில் செய்யப்பட்ட கிரிப்டோமேட்டர் போன்ற கருவிகள் உட்கூறு மறைவின்றி வெளியிடப்பட்டிருக்கின்றன. கற்றவர் எவரும் சோதிக்கலாம். அது தஸ்தாவேஜையும் அதன் பெயரையும் மறைக்கும். எத்தனை தஸ்தாவேஜு, எவ்வளவு பெரிது, என்று மாற்றப்பட்டது என்பவற்றை மறைக்காது. டெலிபோனையே பிறர் கைப்பற்றித் திறந்துவிட்டால் எந்தப் பூட்டும் பயன்படாது. சாவிச் சொல்லை மறந்தவனுக்குக் கம்பெனி ஒரு வழியும் சொல்லாது. சங்கங்களின் காரியதரிசிகள் இதை முக்கியமாகக் கவனிக்க வேண்டும். சொல்லைக் காகிதத்தில் எழுதி, நம்பிக்கையுள்ள இருவரிடம் தனித்தனியே கொடுத்து வைப்பது உத்தமம்.

அங்கத்தினர் ஜாபிதா, சந்தா கொடுத்தோர் பெயர், வழக்குக் குறிப்பு இவற்றையெல்லாம் எத்தனையோ சங்கங்கள் பூட்டாமலே அன்னியக் கம்பெனிகளிடம் ஒப்படைத்திருக்கின்றன. ஆட்சி மாறினால் அந்த ஜாபிதா யார் மேஜைக்குப் போகுமென்று அவர்கள் யோசித்ததுண்டா? சட்டசபையிலும் பார்லிமெண்டிலும் நம்மவர் கேட்க வேண்டியவை இரண்டு: 69-வது பிரிவின் கீழ் உத்தரவிடுமுன் நீதிபதியின் அனுமதி வேண்டும், விசாரணை முடிந்ததும் உடையவனுக்கு அறிவிப்புக் கொடுக்க வேண்டும். இன்று அவ்வுத்தரவைப் பிறப்பிப்பவர் உள்துறைக் காரியதரிசி. அதைப் பரிசீலிக்கும் கமிட்டியில் இருப்பவர்களும் காரியதரிசிகளே.