கல்லாப்பெட்டிக் கணக்கு போதாது

சிங்கப்பூரின் சிராங்கூன் சாலையிலுள்ள பழைய கடைகள் பலவற்றில் சம்பளக் கணக்கு முதலாளியின் மனத்தில்தான் இருந்தது. முன்பணத்தைக் கழித்து மீதியைக் கையில் கொடுத்தால் தீர்ந்தது. "நம்ம ஊர்ப் பையன்தானே" என்ற உரிமை வேறு.

சட்டத்துக்கு ஊர் தெரியாது. 2016 ஏப்ரல் முதல் விவரமான சம்பளச் சீட்டு கட்டாயம். சம்பளக் காலம் முடிந்த 7 நாள்களுக்குள் அடிப்படைச் சம்பளமும், 14 நாள்களுக்குள் மிகைநேர ஊதியமும் கைக்கு வரவேண்டும். வேலை தருவதற்காக வெளிநாட்டு ஊழியரிடம் பணம் வாங்கினால் 30,000 வெள்ளி வரை அபராதம், 2 ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும். தீபாவளி நெரிசலில் நள்ளிரவு தாண்டியும் கடை திறந்திருக்கிறது. அந்த மிகைநேரத்தை யார் குறித்துவைத்தார்கள்? புகார் எழும்போது முதலாளி தடுமாறுவது பெரும்பாலும் இங்கேதான்.

இப்போது இன்னொன்றும் சேர்கிறது. 2025 ஜனவரியில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய வேலையிட நியாயத்தன்மைச் சட்டம், வயது, இனம், சமயம், மொழி, கர்ப்பம் போன்ற காரணங்களால் பாகுபாடு காட்டுவதைத் தடுக்க வகைசெய்கிறது. சேலைக் கடைக்குத் தமிழ் தெரிந்த விற்பனையாளர் வேண்டும் என்றால், வேலைக்கு அது உண்மையிலேயே தேவை எனக் காட்டலாம். "35 வயதுக்குக் கீழ்" என்று கதவில் ஒட்டும் தாளுக்கு அப்படியொரு சமாதானம் எளிதில் கிடைக்காது.

25 பேருக்குக் குறைவான ஊழியர்கள் உள்ள நிறுவனங்களுக்கு முதல் 5 ஆண்டுகள் இந்தச் சட்டத்திலிருந்து விலக்கு உண்டு. சிராங்கூன் சாலை வட்டாரமான தேக்காவின் சிறு கடைகள் பலவும் இதில் அடங்கும். ஆனால், சம்பளச் சீட்டுக்கு அந்த விலக்கு இல்லை. மனிதவள அமைச்சின் மாதிரிப் படிவத்தைத் தமிழில் விளக்கி, கடை கடையாகக் கொண்டுசேர்க்கும் பொறுப்பை லிஷா போன்ற வர்த்தகர் சங்கங்கள் ஏற்கலாம். அடுத்த தீபாவளிக்கு முன்பே தொடங்கலாம்.